மாமா கடை அகப்பக்கத்தைக் கூகுளில் மேலே கொண்டுவந்த வேலை

சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவில் மாமாவுக்குத் தோட்டத்துச் சாமான் கடை. செம்பனைக் குலை வெட்டுகிற சாபிட் என்கிற அரிவாள், பாஹாட் என்கிற உளி, சாபிட்டை மாட்டுகிற காலா என்கிற நீள அலுமினியக் கம்பு, புல்வெட்டும் மெசின், முதுகில் மாட்டி மருந்தடிக்கிற பம்ப், ரப்பர் பூட்ஸ், கையுறை என்று முன்பக்கம் நிறைந்திருக்கும். பின்பக்கம் மெசின் ரிப்பேர். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் கம்பத்திலும் அந்தக் கடையைத் தெரியாத ஆள் இல்லை, கூகுளுக்கு மட்டும்தான் தெரியவில்லை. ஊர்ப் பெயரோடு 'மெசின் ரும்புட்' (புல்வெட்டும் மெசின்) என்று மலாயில் தேடினால் ரவாங், கோலசிலாங்கூர் கடைகளெல்லாம் வரும், மாமா கடை வராது. அதைச் சரிசெய்ய என்ன செய்தேன், எது பலன் கொடுத்தது என்று இங்கே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் கிடைக்கிற பாடங்கள் பெரும்பாலும் ஆள் பலம் உள்ள பெரிய கம்பெனிக்கு எழுதியவை, சின்ன ஊரில் ஒரு கடை வைத்துக்கொண்டு சனி ஞாயிறில் உட்கார்ந்து செய்கிறவனுக்கு அதில் பாதி தேவையே இல்லை.

வேலை தொடங்கியது ஒரு செத்த முகவரியால். கூகுள் பிசினஸ் புரொபைல், அதாவது தேடலிலும் மேப்பிலும் கடை விவரத்தைக் காட்டுகிற பக்கம், வைத்திருக்கிறவர்களுக்குக் கூகுளே இலவசமாக ஒற்றைப் பக்க வெப்சைட் கொடுத்துவந்தது, 2024 மார்ச்சில் அதை மூடிவிட்டார்கள். கொஞ்ச காலம் அந்த முகவரியைத் தட்டினால் கடையின் புரொபைலுக்குக் கொண்டுபோய் விட்டது, அந்த ஆண்டு ஜூனோடு அதுவும் நின்றது. மாமா பில் புத்தகத்திலும் லாரிக் கதவிலும் அந்த முகவரியைத்தான் அச்சடித்து வைத்திருந்தார். இத்தனைக்கும் கடைக்கு டாட் காம் டாட் மை முகவரியோடு வேர்ட்பிரஸில் செய்த சொந்த அகப்பக்கம் தனியாக இருந்தது. யாரிடமோ காசு கொடுத்துச் செய்தது, வருடா வருடம் ஹோஸ்டிங் பணமும் போய்க்கொண்டிருந்தது. "அது சும்மாதான் கிடக்குது மருமகனே, காசு கட்டுறதுக்கு எதையாச்சும் செய்யச் சொல்லு அதை" என்றார். சரி என்று பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டேன்.

முதல் வேலை, கூகுளிடம் நம் பக்கங்கள் எவையெவை இருக்கின்றன என்று பார்ப்பது. தேடுகிற பெட்டியில் 'சைட்' என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் முகவரியைச் சேர்த்தால் அந்தத் தளத்திலிருந்து கூகுள் எடுத்துவைத்திருக்கிற பக்கங்கள் வரும். முழுக் கணக்கு அதில் கிடைக்காது, தோராயம்தான், ஆனால் நாற்றம் தெரிந்துவிடும். கடையில் விற்கிற சாமான் வகை ஐம்பதைத் தாண்டாது, அங்கே பார்த்தால் பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டே இருந்தது. ஏற்றிய ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தனிப் பக்கம், அதில் அந்தப் படத்தைத் தவிர வேறொன்றும் இல்லை, தலைப்போ வாட்சாப்பில் வந்த படத்தின் பெயர் அப்படியே. சாமான் ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டு டேக் போட்டிருந்ததால் டேக் ஒன்றுக்கு ஒரு பக்கம். மாதவாரிப் பட்டியல், எழுதியவர் பெயரில் பட்டியல். இது போதாதென்று தீமோடு சேர்ந்து வந்த மாதிரிப் பக்கங்கள், லத்தீன் மாதிரி எதுவோ எழுதியிருக்க, டை கட்டிய வெள்ளைக்காரர்கள் கைகுலுக்கும் படத்தோடு 'எங்கள் குழு'. மாமாவிடம் காட்டினேன், "இவனுங்க யாரு, நம்ம கடையில சம்பளம் வாங்குறானுங்களா?" என்று கேட்டார்.

படத்துக்கொரு பக்கம் உண்டாகிற வழக்கத்தை வேர்ட்பிரஸ் 2023 நவம்பரில் வந்த 6.4 பதிப்பில்தான் நிறுத்தியது, அதுவும் புதிதாக நிறுவுகிற தளங்களுக்கு மட்டும். பழைய தளம் வைத்திருக்கிறவர்கள் தாங்களே அணைத்துக்கொள்ள வேண்டும், அணைத்தால் அந்த முகவரி நேராகப் படக் கோப்புக்குப் போய்விடும். மாதிரிப் பக்கங்களை அழித்தேன். டேக் பட்டியல், எழுதியவர் பட்டியல், மாதவாரிப் பட்டியல் எல்லாவற்றுக்கும் எஸ்.இ.ஓ. (தேடலில் மேலே வரச் செய்கிற வேலை) பிளக்கினில் 'நோஇண்டெக்ஸ்', அதாவது 'பட்டியலில் வைக்காதே' என்கிற குறிப்பு, போட்டேன். இந்த இடத்தில் பலர் அவசரப்பட்டு அதே பக்கங்களை ரோபோட்ஸ் கோப்பிலும் தடுத்துவிடுகிறார்கள், அப்படிச் செய்தால் காரியம் கெட்டது. ரோபோட்ஸ் கோப்பு 'உள்ளே வராதே' என்று மட்டும்தான் சொல்லும், வேறு எங்கிருந்தாவது லிங்க் இருந்தால் உள்ளே பார்க்காமலே கூகுள் அந்த முகவரியைப் பட்டியலில் வைத்துக்கொள்ளும். 'பட்டியலில் வைக்காதே' என்கிற குறிப்போ பக்கத்துக்குள்ளே இருக்கிறது. வாசலிலேயே தடுத்துவிட்டால் உள்ளே ஒட்டியிருக்கிற நோட்டீசை அது எப்படிப் படிக்கும்? ஆகவே கதவைத் திறந்து வைத்துவிட்டு, கூகுள் ஒவ்வொன்றாக வந்து படித்துவிட்டுத் தானாகக் கழித்துவிடும்வரை பொறுத்திருக்க வேண்டும். சில வாரம் ஆகும்.

அடுத்தது முகவரிக் குழப்பம். பூட்டுக் குறியோடு ஒன்று, அது இல்லாமல் ஒன்று, முன்னால் மூன்று டபிள்யூ போட்டு ஒன்று, போடாமல் ஒன்று என்று ஒரே பக்கம் நான்கு முகவரியில் திறந்தது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் 301 என்கிற நிரந்தரத் திருப்பல் போட்டு அதற்கே திருப்பிவிட்டேன். 'இதுதான் அசல் முகவரி' என்று சொல்கிற கேனோனிக்கல் குறிப்பும் அதையே காட்டும்படி பார்த்துக்கொண்டேன். இதில் எழுத ஒன்றும் இல்லை, ஹோஸ்டிங் பேனலில் சில வரிதான்.

ஆனால் மொழிக் குறியீட்டைப் பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். பக்கம் எந்த மொழியில் இருக்கிறது, அதே பக்கம் வேறு மொழியில் எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு 'ஹெச்ரெஃப்லாங்' என்று ஒரு குறிப்பு உண்டு, கூகுள் 2011இல் கொண்டுவந்தது. அதில் மலாய்ப் பக்கத்துக்கு 'எம்.எஸ்.' என்று போட வேண்டும், தமிழுக்கு 'டி.ஏ.'. முன்னாடி செய்தவர் மலேசியா என்பதால் 'எம்.ஒய்.' என்று போட்டிருந்தார். நாட்டுக் குறியீடாக அது மலேசியாதான், மொழிக் குறியீடாக அது பர்மிய மொழி. அதாவது இத்தனை வருடமும் மாமா கடையில் சாபிட் விற்பதை மியன்மார்க்காரர்களுக்குப் பர்மிய மொழியில் சொல்வதாகக் கூகுளிடம் அறிவித்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருக்கிற எழுத்தைப் பார்த்தே கூகுள் மொழியைப் புரிந்துகொள்ளும், ஆகவே பெரிய நட்டம் இல்லை, இருந்தாலும் மாற்றினேன். இன்னொன்று, இந்தக் குறிப்பு இரண்டு பக்கமும் ஒன்றையொன்று காட்டினால்தான் செல்லும். மலாய்ப் பக்கம் தமிழ்ப் பக்கத்தைக் காட்டி, தமிழ்ப் பக்கம் திருப்பிக் காட்டாவிட்டால் கூகுள் அதைக் கண்டுகொள்ளாது.

குப்பையைக் கூட்டியாயிற்று, இனி என்ன எழுதுவது? கீவேர்ட், அதாவது ஆட்கள் தேடுகிற சொல், தேடித் தருகிறோம் என்று மாதக் கட்டணம் கேட்கிற கருவிகள் நிறைய இருக்கின்றன. நான் அத்தையிடம் ஒரு 555 நோட்டைக் கொடுத்தேன், சட்டைப் பையில் அடங்குகிற அந்தச் சின்னக் கடன் நோட்டுதான். கல்லாவில் அத்தைதான் உட்காருவார். யார் வந்து என்ன கேட்டாலும், போனில் கேட்டாலும், வாங்கினார்களா இல்லையா என்று பார்க்காமல், கேட்ட கேள்வியை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிவைக்கச் சொன்னேன். "விலை கேட்டுட்டுப் போறவனையும் எழுதணுமா?" என்றார். அவனைத்தான் முக்கியமாக எழுத வேண்டும், அவன்தான் வீட்டுக்குப் போய்க் கைப்பேசியில் தேடுவான்.

அந்த நோட்டை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். மலாய், தமிழ், ஒன்றிரண்டு சீனச் சொல் எல்லாம் கலந்து அத்தையின் கையெழுத்தில் கிடக்கிறது. 'காலா எத்தனை அடிக்கு நீளும்.' 'எங்க மரம் உயரமாயிடுச்சு, பாஹாட் எட்டல, எதை வாங்கறது.' 'மெசின் ஸ்டார்ட் ஆவுது, எண்ணெய் அமுக்குனா செத்துப்போவுது.' 'டூ-டி எண்ணெய் ஒரு லிட்டருக்கு எவ்வளவு ஊத்தணும்.' 'ரிப்பேருக்குப் போட்டா எத்தனை நாள்.' 'ஞாயித்துக்கிழமை திறப்பீங்களா.' பக்கத்துக்குப் பக்கம் இதுதான். இதைச் சர்ச் கன்சோலில், அதாவது நம் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று கூகுள் இலவசமாகக் காட்டுகிற கருவியில், வருகிற தேடல் சொற்களோடு வைத்துப் பார்த்தேன். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருக்கும், மிகக் குறைவானவர்கள் தேடிய சொல்லை மட்டும் காட்டாது. தேடியவர்கள் பெரும்பாலும் மலாயில்தான் தேடியிருந்தார்கள், தமிழ் பேசுகிறவர்கள் உட்பட. 'மெசின் ரும்புட் மாத்தி பிலா தெக்கான் மின்யாக்' என்று ஒருவர் தட்டியிருந்தார், ஆக்சிலேட்டரை அமுக்கினால் மெசின் நின்றுபோகிறது என்று நோட்டில் தமிழில் இருக்கிற அதே கேள்வி. நம் பக்கம் அவருக்கு எங்கோ கடைசியில் காட்டப்பட்டிருந்தது, காரணம் பக்கத்தில் அந்த மெசினின் பெயரும் 'தரமானது, நம்பகமானது' என்ற இரண்டு சொல்லும் தவிர வேறு ஒன்றும் இல்லை.

அங்கேதான் வேலையின் கனம் இருந்தது. சாமான் பக்கம் ஒவ்வொன்றிலும் மொத்த வியாபாரி அனுப்பிய பத்தியை அப்படியே ஒட்டியிருந்தார்கள், நாடு முழுக்க அதே சாமானை விற்கிற எல்லாக் கடையிலும் அதே பத்தி. அதற்குத் தண்டனை என்று ஒன்றும் கிடையாது, பலர் அப்படித்தான் பயப்படுகிறார்கள். ஒரே விஷயம் பத்து இடத்தில் இருந்தால் கூகுள் ஒன்றை எடுத்துக்காட்டும், மற்றதைக் காட்டாது, அவ்வளவுதான். அந்த ஒன்று நம்மதாக இருக்கக் காரணமே இல்லை.

மெசின் செத்துப்போகிற கேள்விக்குப் பக்கம் எழுதியதைச் சொல்கிறேன். ரிப்பேர் செய்கிற அண்ணன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர் பேசுவதைக் கைப்பேசியில் பதிவுசெய்தேன். முதலில் அவர் பேசவே இல்லை, "கார்ப்ரேட்டர் அடைச்சிருக்கும், கழுவுனா சரியாயிடும்" என்று முடித்துவிட்டார். ஒரு மெசினைக் கொண்டுவந்து முன்னால் வைத்ததும் கை தானாக ஓடியது, வாயும் கூட ஓடியது. முதலில் ஏர் பில்டரைக் கழற்றித் தட்டிப் பார்க்க வேண்டும், புல்லும் தூசியும் எண்ணெயும் சேர்ந்து அப்பம் மாதிரி இருக்கும். அப்புறம் டாங்கிக்குள் கொக்கியை விட்டுப் பெட்ரோல் பில்டரை இழுத்துப் பார்ப்பது. அதுவும் சரியாக இருந்தால் சைலன்சர் வாயில் கரி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது, பெட்ரோலில் கலக்கிற டூ-டி எண்ணெயை அதிகம் ஊற்றுகிறவர்கள் மெசினில் இது நிச்சயம் இருக்கும். கார்ப்ரேட்டரைத் திறப்பது கடைசியில்தான். அதற்குள்ளே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது, விரலால் அமுக்கினால் துணி மாதிரி மடங்க வேண்டும், பழைய பெட்ரோல் கிடந்து கிடந்து விறைத்துப்போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். அந்தச் சவ்வைப் புதியதையும் பழையதையும் அண்ணனின் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தேன். கரி படிந்த கையும் சேர்ந்தே வந்திருக்கிறது, துடைக்கச் சொல்லவில்லை.

இதையெல்லாம் அதே வரிசையில் மலாயில் எழுதினேன், பிறகு தமிழில் தனியாக எழுதினேன். தமிழ்ப் பக்கத்தை மலாய்ப் பக்கத்திலிருந்து மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு எடுக்கவில்லை, அண்ணன் தமிழில்தானே சொன்னார், பதிவு கையில் இருக்கிறதே. எண்ணெய்க் கணக்கும் அதில் வந்தது. 25க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி, 50க்கு 1 என்றால் 20 மில்லி, எது என்பது மெசின் புத்தகத்திலும் எண்ணெய் டப்பாவிலும் போட்டிருக்கும். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று கூடுதலாக ஊற்றாதீர்கள். இந்தக் கடைசி வரி அண்ணன் சொன்னது, அப்படியே போட்டேன்.

காலா பக்கத்துக்கு மாமாவே உட்கார்ந்தார். குட்டை மரத்துக்குப் பாஹாட், கை எட்டாத உயரம் வந்ததும் காலாவில் சாபிட், மெசின் வைத்து வெட்டுவதென்றால் மலேசியச் செம்பனை வாரியம் உருவாக்கிய கந்தாஸ். எந்த உயரத்துக்கு எந்தத் தடிமன் குழாய், கிளாம்ப் எங்கே போட வேண்டும், நீட்டிய காலா ஏன் வளைகிறது, எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு விஷயத்தை மட்டும் பக்கத்தின் மேலேயே போடச் சொல்லி நின்றார், அலுமினியம் மின்சாரம் கடத்தும், மின்கம்பி போகிற வரிசையில் உள்ள மரத்தில் அலுமினியக் காலா நீட்டக் கூடாது. கம்பியில் பட்டுச் செத்தவர்கள் இந்த நாட்டில் உண்டு. "விக்கிற சாமானைப் பத்தி இப்படி எழுதுனா வாங்குவானா மாமா?" என்று கேட்டேன். "வாங்குறவன் திரும்பி வரணுமில்ல" என்றார். எஸ்.இ.ஓ. ஆட்கள் அனுபவம், நம்பகம் என்று நீட்டி முழக்குவதெல்லாம் இதைத்தான் என்று எனக்குத் தோன்றியது, மேற்கொண்டு விவாதிக்கவில்லை.

பாராகுவாட் பக்கம் ஒன்று இருந்தது. புல் மருந்து, ஒரு காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் அடித்தது, 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை. கடையில் அப்போதே நிறுத்திவிட்டார்கள், அகப்பக்கத்திலிருந்து மட்டும் எடுக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால் மொத்தத் தளத்திலேயே தேடலிலிருந்து கொஞ்சமாவது ஆள் வந்துகொண்டிருந்த பக்கம் அதுதான். மாமா "அழிச்சிடு, வம்பு" என்றார். அழித்தால் வருகிற ஆளும் போய்விடும், விற்பது போல் வைத்திருப்பதோ கூடாது. அதே முகவரியை வைத்துக்கொண்டு உள்ளே இருந்ததை முழுக்க மாற்றினேன். இது தடைசெய்யப்பட்டது, எப்போதிலிருந்து, பழைய டப்பா வீட்டில் இருந்தால் கால்வாயில் ஊற்றாதீர்கள், வேளாண்மைத் துறையிடம் கேளுங்கள், புல்லை மெசினில் வெட்டுவதென்றால் இதோ. வேறு மருந்தின் பெயரை அதில் சேர்க்கவில்லை, பூச்சிக்கொல்லி விளம்பரத்துக்குச் சட்டம் இருக்கிறது, அதற்குள் தலையை விட வேண்டாம் என்று இருவருமே முடிவெடுத்தோம்.

அமைப்புக்கு வருகிறேன். பழைய மெனுவில் 'பொருட்கள்' என்று ஒன்றைத் தொட்டால் எல்லாச் சாமானும் ஒரே நீளமாகக் கீழே விழும், கைப்பேசியில் அது திரையைத் தாண்டிப் போய்விடும். இப்போது மூன்றே வாசல், குலை வெட்டுகிற சாமான், புல்வெட்டும் மெசின், மருந்தடிக்கிற பம்ப். ஒவ்வொரு வாசலும் வெறும் பட்டியல் இல்லை, எதை எப்போது வாங்குவது என்று நாலு வரி எழுதி அதன் நடுவிலேயே சாமான் பக்கங்களுக்கு லிங்க். ரிப்பேர்ப் பக்கத்தில் 'சவ்வு விறைத்திருந்தால்' என்று வருகிற இடத்தில் அந்தச் சொல்லே சவ்வு செட் விற்கிற பக்கத்துக்குப் போகும், சவ்வு செட் பக்கத்திலிருந்து திரும்ப ரிப்பேர்ப் பக்கத்துக்கு வரலாம். 'இங்கே கிளிக் செய்யவும்' என்று எங்கும் போடவில்லை, லிங்க் போட்ட சொல்லைப் பார்த்துத்தான் போகிற பக்கம் எதைப் பற்றியது என்று கூகுளும் புரிந்துகொள்கிறது, மனிதனும் புரிந்துகொள்கிறான். எந்தப் பக்கத்திலிருந்தும் லிங்க் இல்லாமல் அனாதையாகக் கிடந்தவை நிறைய, கூகுளுக்குக் கொடுக்கிற பக்கப் பட்டியலான சைட்மேப்பில் மட்டும் இருந்தன. அவற்றில் உருப்படியானதை வாசலோடு கட்டினேன், மற்றதை நெருங்கிய பக்கத்துக்குத் திருப்பிவிட்டேன். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு முகப்புக்குத் திருப்பினால் கூகுள் அதைத் திருப்பல் என்றே எடுத்துக்கொள்ளாது, இல்லாத பக்கம் என்று கணக்கு வைத்துவிடும்.

முகவரி விஷயத்தில் தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, இதை எங்கும் சரியாகச் சொல்லிப் பார்த்ததில்லை. வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்தே முகவரியின் வாலை உண்டாக்கும், அதற்கு உள்ளே ஒதுக்கியிருக்கிற இடம் 200 எழுத்து. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும், கொம்பும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு, மூன்று பைட். முகவரிக்குள் போகும்போது ஒரு பைட் சதவீதக் குறியோடு சேர்ந்து மூன்று எழுத்தாகும், ஆக ஒன்றுக்கு ஒன்பது. 'செம்பனை' என்ற ஒரே சொல் 63 இடத்தை விழுங்கும். 'செம்பனை குலை வெட்டும்' என்று மூன்று சொல் எழுதினாலே 170ஐத் தாண்டிவிடுகிறது, நாலாவது சொல் பாதியில் வெட்டுப்படும். பழைய தளத்தில் இப்படித் தொடங்குகிற தலைப்புகள் எல்லாம் ஒரே மாதிரி வெட்டுப்பட்டு, பின்னால் 2, 3, 4 என்று எண் ஒட்டிக்கொண்டு நின்றன. அதை வாட்சாப்பில் அனுப்பினால் திரை முழுக்கச் சதவீதக் குறியாகக் கொட்டும், பார்த்த ஆள் மோசடி லிங்க் என்று நினைத்துத் தொடமாட்டான். கூகுளுக்குத் தமிழ் முகவரி ஒரு பிரச்சினையே இல்லை, படித்துவிடும், ஆனால் நம் ஊரில் லிங்க் பரவுவது வாட்சாப் குழுவில்தானே. ஆகவே தமிழ்ப் பக்கங்களுக்கு ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று சொல்லில் வால் வைத்தேன், தலைப்பும் உள்ளே இருப்பதும் தமிழ்தான்.

தலைப்பு வரி, முகப்புப் பக்கத்துக்கு வெறும் 'ஹோம்' என்றிருந்தது. கடை என்ன விற்கிறது, எந்த ஊர் என்று வைத்தேன். நீளமாகவோ ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பியோ எழுதினால் கூகுள் தன் இஷ்டத்துக்கு மாற்றிக் காட்டும், 2021 ஆகஸ்டிலிருந்து அது இன்னும் தாராளமாகவே மாற்றுகிறது. மெட்டா கீவேர்ட் என்று ஒரு பெட்டியில் அறுபது எழுபது சொல்லை முன்னாடி செய்தவர் திணித்து வைத்திருந்தார், அதைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது, காலி செய்தேன்.

வேகம். முகப்பில் ஐந்து பெரிய படம் மாறி மாறி ஓடியது, ஒவ்வொன்றும் கேமராவிலிருந்து இறக்கியது அப்படியே. தோட்டத்துக்குள் லைன் ஒரு கம்பி இரண்டு கம்பி என்று நிற்கும்போது யார் அதற்குக் காத்திருப்பார்? எடுத்துவிட்டு ஒரே படம், வெப்-பி வடிவில் சுருக்கி வைத்தேன். அந்த முதல் படத்துக்கு 'லேசி லோடிங்', அதாவது திரைக்கு வரும்போதுதான் படத்தை இறக்குகிற வசதி, போடக் கூடாது, கீழே இருக்கிற படங்களுக்குத்தான் அது. முக்கியமான பகுதி இரண்டரை வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்கிற அளவு. அதைவிட முக்கியமான ஒன்று, கைப்பேசியில் திறந்தால் பழைய தீம் விளக்கப் பகுதியையே காட்டவில்லை, கணினியில் மட்டும் தெரிந்தது. கூகுள் இப்போது கைப்பேசியில் தெரிகிறதைத்தான் எடுத்துக்கொள்கிறது, 2016இல் அறிவித்த மாற்றத்தை 2023 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். நான் என்னதான் எழுதினாலும் அந்தத் தீமில் வீண், தீமையே மாற்றினேன்.

ஊர்ப் பெயர். பத்தாங் பெர்ஜுந்தை என்பது 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது, ஆனால் வயதானவர்களும் தோட்டத்து ஆட்களும் இன்னும் பழைய பெயரில்தான் தேடுகிறார்கள். முகவரிப் பத்தியில், வழி சொல்கிற இடத்தில், இரண்டையும் இயல்பாகச் சேர்த்தேன். பிசினஸ் புரொபைலில் கடைப் பெயருக்குப் பின்னால் இரண்டு ஊர்ப் பெயரையும் மெசின் ரும்புட், காலா சாவிட் (செம்பனைக் காலா) எல்லாவற்றையும் சேர்க்கச் சொல்லி மாமா விடாப்பிடியாக நின்றார், பக்கத்து ஊர்க் கடை ஒன்று அப்படித்தான் வைத்திருக்கிறதாம். அது கூகுள் விதிக்கு விரோதம், யாராவது புகார் செய்தால் புரொபைலையே முடக்கிவிடுவார்கள், பலகையில் என்ன பெயரோ அதுதான் அங்கேயும். அதற்குப் பதிலாக வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தோம், திறக்கிற நேரம், தைப்பூசம், தீபாவளி விடுமுறை எல்லாம் போட்டோம், வெப்சைட் பொத்தானைச் சொந்த அகப்பக்கத்தின் முகவரிக்கு மாற்றினோம். உள்ளூர்த் தேடலுக்குக் கூகுள் மூன்றைப் பார்ப்பதாகச் சொல்கிறது, தேடியதற்குப் பொருத்தம், தூரம், எவ்வளவு பெயர் பெற்ற கடை என்பது. தூரம் நம் கையில் இல்லை. மற்ற இரண்டுக்கும் அத்தை ஒரு வழி கண்டுபிடித்தார், ரிப்பேர் முடிந்து மெசின் எடுக்க வருகிறவரிடம் ஸ்டார்ட் செய்து காட்டிய கையோடு "கூகுள்ல ரெண்டு வரி எழுதுங்க தம்பி" என்பார். தள்ளுபடி கொடுத்து எழுதச் சொல்லக் கூடாது என்பதை மட்டும் சொல்லிவைத்தேன்.

இந்த வேலை நடக்கும்போதே ஒரு கம்பெனியிலிருந்து மாமாவுக்குப் போன், மூன்று மாதத்தில் முதல் பக்கம், கியாரண்டி, லிங்க் நூற்றுக்கணக்கில் போட்டுத் தருவோம் என்று. முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது, காசுக்கு வாங்குகிற லிங்க் அதன் விதிக்கு எதிர், 2012 ஏப்ரலில் அப்படிப்பட்ட லிங்க்குகளைக் குறிவைத்துக் கூகுளின் பென்குயின் மாற்றம் வந்ததிலிருந்து அப்படி வாங்கித் தொலைந்தவர்கள் பலர். நமக்கு வந்த ஒரே நல்ல லிங்க், மெசின் கொடுக்கிற மொத்த வியாபாரியின் டீலர் பட்டியலில் கடைப் பெயருக்குப் பக்கத்தில் முகவரியைச் சேர்க்கச் சொன்னது. ஒரு போன் கால்தான்.

பலன் என்று பார்த்தால் ரிப்பேர்ப் பக்கங்கள்தான் முதலில் ஏறின, மெசின் செத்துப்போகிற பக்கம் இப்போது மலாய்த் தேடலில் முதல் பக்கத்தில் நிற்கிறது, கெடாவிலிருந்தெல்லாம் போன் செய்து சவ்வு செட் அனுப்பச் சொல்கிறார்கள். ஊர்ப் பெயரோடு தேடினால் கடை மேப்பில் மேலே வருகிறது, புதுப் பெயரிலும் பழைய பெயரிலும். தமிழ்ப் பக்கங்களுக்குத் தேடலிலிருந்து வருகிறவர்கள் குறைவு, ஆனால் வருகிறவர்கள் கடைசிவரை படிக்கிறார்கள், வாட்சாப்பில் அனுப்பப்படுவதும் அதுதான். பாராகுவாட் பக்கத்துக்கு வருகிற கூட்டம் குறையவில்லை, அவர்களில் சிலர் புல்வெட்டும் மெசின் பக்கத்தைத் தொடுகிறார்கள்.

காலா விலை மட்டும் அசையவில்லை. 'காலா சாவிட் ஹர்கா' என்று தேடினால் ஷோப்பியும் லசாடாவும்தான் மேலே, விலை கேட்டுத் தேடுகிறவருக்கு வரிசையாக விலை காட்டுகிற இடத்தோடு ஒரு கடைப் பக்கம் மல்லுக்கட்ட முடியாது. அதை விட்டுவிட்டு, காலா ஏன் வளைகிறது, கிளாம்ப் எப்படி மாட்டுவது என்ற பக்கங்களில் விலையைத் தேதியோடு போட ஆரம்பித்திருக்கிறோம், விலை மாறினால் தேதியும் மாறும், அதை அத்தை கைப்பேசியிலிருந்தே செய்கிறார். அடுத்து பம்ப் வாசலுக்கு இதே மாதிரி எழுத வேண்டும், நோட்டில் 'பம்ப் அமுக்குனா காத்து மட்டும் வருது' என்று மூன்று பக்கத்துக்கு ஒருமுறை இருக்கிறது. அண்ணனுக்கு நேரம் கிடைக்கிற ஞாயிறு பார்த்து வாஷர், வால்வு எல்லாவற்றையும் கழற்றிப் படம் எடுக்க வேண்டும்.